தெரு வழியா, பொத்தைக்காட்டு வழியா

மக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. பெண் வீட்டார் ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள், மேளத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, தாலி கட்டி முடிந்து பெண்ணை நம் வீட்டுக்கு அழைத்து வரும்போது கோயில் தெரு வழியாகத்தானே வருகிறோம் என்று கேட்டிருந்தாய். ஆமாம் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆமாம் என்று எழுதிக் கிழித்தேன். இல்லை, பொத்தைக்காட்டு வழியாக வா என்று எழுதி அதையும் கிழித்தேன். திருவனந்தபுரத்து அச்சாபீசில் ஊரார் எழுத்தையெல்லாம் கோத்துக் கொடுக்கிறவனுக்குப் பெற்ற தாயிடமிருந்து ஒரு எழுத்து வரவில்லையே என்று உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்லவேண்டும், அதுவும் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெளிவு வரட்டும் என்று காத்திருந்தால் உன் பிள்ளைக்குக் காது குத்தும் முடிந்துவிடும். அதனால் குழம்பியபடியே எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே, சோறு தின்றுவிட்டு நிதானமாகப் படி.

நீ கட்டப்போகிற பெண்ணுக்கும் இதைப் படிக்கக் கொடு. அவள் வேறு ஊர்க்காரி. அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்லுகிறேன். நம் குடியிருப்பிலிருந்து புதுக்கடைச் சந்தைக்கு இரண்டு வழி. கோயிலை ஒட்டிப் போகிற தெரு நேர்வழி. அடுத்தது, தெருவுக்குப் பின்னால் இருக்கிற பொத்தையில், அதாவது அந்தச் சின்னக் குன்றில், ஏறி, காட்டுக்குள் சுற்றி, கோயில் குளத்துக்கு மேலாக வளைந்து, அந்தப் பக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதை. போன ஐப்பசியில் மகாராஜா உத்தரவு போட்டுக் கோயில் நடையை எல்லோருக்கும் திறந்துவிடும்வரை, நம் ஆட்கள் இந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. வைத்தால் தீட்டு. தீட்டுக்கு அடி. உன் சித்தப்பா வாலிபத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, ஞானஸ்நானம் வாங்கி, குடையும் பிடித்துக்கொண்டு அதே தெருவில் நடந்து போனார். அவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த உன் அப்பா மட்டும் பொத்தை ஏறினார். "தெருவுக்காகச் சாமிய மாத்த மாட்டேன்" என்பார். சாமியை விடவும் முடியாமல், சாமி இருக்கிற தெருவில் போகவும் முடியாமல் அவர் பட்ட பாட்டை நான் இருபது வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் யார் செய்தது சரி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் காடு எப்படி வந்தது என்பதை உனக்கு நாங்கள் சரியாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். பாதிக் காடு முன்பே இருந்ததுதான். மீதியைப் பெரியவீட்டுக்காரரின் தகப்பனார் வைத்தார். பொத்தை அவர்கள் சொத்து. பாதையில் போகிற நம்மைத் தெருவில் நிற்கிறவர்களும் குளத்தில் குளிக்கிறவர்களும் பார்த்துவிடக்கூடாது. அதற்காக, வெளிச்சம் தெரிந்த இடத்திலெல்லாம் அயனியும் புன்னையும் வேங்கையும் நட்டு அடைத்தார். மறைப்பு கெட்டுவிடக்கூடாது என்று காட்டுக்குக் காவல் போட்டார். வெட்டுகத்தியோடு யாரும் உள்ளே போகக்கூடாது, அடிவாரத்துக் கல்லில் வைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். ஒரு சுள்ளியை ஒடித்தாலும் காவல்காரன் வழக்குக்கு வருவான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருடைய வித்தை பலிக்கவில்லை. உச்சிக்குப் பக்கத்தில் பாறைவெளி இருக்கிறதே, அங்கே எந்த மரமும் பிடிக்கவில்லை. அங்கிருந்து நமக்குக் குளம் தெரியும், குளத்திலிருந்து அவர்களுக்கு நாம் தெரிவோம். அதனால் பாறைவெளி வருமுன் "ஓ... ஓய்" என்று குரல் கொடுக்கவேண்டும். குளத்தில் நிற்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாம் குனிந்து ஓடிக் கடப்போம். சின்ன வயதில் நீ அதைக் குயில் மாதிரியும் கிடாரி மாதிரியும் கத்தி விளையாடியிருக்கிறாய். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்படி ஒரு காட்டை நினைத்தால் வயிறு எரியவேண்டும். எரியத்தான் செய்கிறது. ஆனால் மக்கா, அந்தக் காட்டைப்போல எனக்குப் பிடித்த இடம் இந்த உலகத்தில் வேறு இல்லை. இதை எப்படிச் சொல்வது? சுற்றியிருந்த பொத்தைகளிலெல்லாம் மரத்தை வெட்டி மரச்சீனிக் கிழங்கு போட்டார்கள், இப்போது ரப்பர் வைக்கிறார்கள். நம்மை மறைக்க வைத்த காடு மட்டும் கோடாலி படாமல் நின்றது. மற்றக் காடுகளிலிருந்து விரட்டப்பட்ட பறவையெல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. அடிவாரத்தில் கைதைப் புதர், அதைத் தாண்டினால் வேங்கை, அதற்கு மேலே அயனி. குட்டிப் பலா மாதிரி இருக்கிற அயனிச்சக்கை பழுத்து விழுகிற காலத்தில் பாதை முழுக்க மஞ்சளாகக் கிடக்கும், அணில் தின்றது போக நீங்கள் தின்பீர்கள், நீங்கள் தின்றது போக எறும்பு. நடுவில் பாறை இடுக்கில் ஒரு சுனை, பங்குனியிலும் வற்றாது. உன் அப்பா வெற்றிலைக் கட்டை அங்கே இறக்கி, தண்ணீர் தெளித்து, கொஞ்சம் ஆறவைத்துத் தூக்குவார். நம் கொடிக்கால் வெற்றிலை வாடாமல் வருகிறது என்று புதுக்கடைச் சந்தையில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் அந்த நிழல் கொடுத்தது. தெரு வழியாகப் போகிற இந்த எட்டொன்பது மாதமாக வெற்றிலை வெயிலில் துவண்டு போகிறது, வியாபாரிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். உன் அப்பா இதை வெளியில் சொல்லமாட்டார். ஈரச் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டுக் கட்டுகிறார், அவ்வளவுதான்.

நான் முதல்முதலாகத் தெருவில் நடந்த நாளைப் பற்றி உனக்கு எழுதினேன், நன்றாக இருந்தது என்று. பாதிதான் எழுதினேன். மீதி இதுதான். தலைக்குக் குளித்து, உன் அப்பா மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்கு வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, அவருக்குப் பின்னால் போனேன். இத்தனை வருசம் நம்மை உள்ளே விடாமல் காத்த தெருவில் என்னவோ இருக்கும் என்றல்லவா நினைப்போம்? சாணி கிடந்தது. ஒரு ஆடு படுத்திருந்தது. இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. அங்கேயும் மனிதர்கள் கிழிந்த பாயைத்தான் வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். இதற்காகவா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ஒரு மரம் இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. துடைப்பத்தால் முற்றம் தூத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வெயிலாக் கெடக்கே, ஒரு கொட எடுத்திருக்கப்பிடாதா?" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். இதற்குச் சிரித்துவிட்டு நடந்தேன்.

அதற்கப்புறம் தெரு வளைந்தது. வளைவில் சட்டென்று குளம் தெரிந்தது. குளத்தில் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து "ஓ... ஓய்" என்று குரல் வந்துவிட்டது. தெருவின் நட்டநடுவில், பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு, வழி விடுங்கள், தீட்டுக்காரி வருகிறேன் என்று கத்தியிருக்கிறேன். குளத்தில் நின்ற கிழவர் ஒருவர் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவருக்கே வெட்கமாகி, மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிள்ளைகள் சிரித்தன. உத்தரவு போட்டுத் தெருவைத் திறந்தார்கள், என் தொண்டைக்கு யார் உத்தரவு போடுவது? முன்னால் போன உன் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, நான் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. ஒரு வார்த்தை என்னைக் கடிந்தும் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு உனக்கும் இப்படி நேரம் வரும். பெண்டாட்டி செய்த ஒரு காரியத்தில் உன் மானமும் சேர்ந்து போகும், அவள்மேல் குற்றமும் இருக்காது. அப்போது உன் அப்பாவைப்போல நின்று கூட்டிக்கொண்டு நட. ஆனால் சோற்றை மட்டும் தின்றுவிடு. பட்டினி கிடக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அவனிடம் நாலு ஏச்சு வாங்குவது மேல்.

போன வாரம், உன் கடிதம் வந்த மறுநாள், பெரியவீட்டுக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். இப்போது இருக்கிறவர் காடு வைத்தவருடைய மகன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் நம் முற்றத்தில் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. உன் அப்பா பெஞ்சைத் தூக்கிவந்து போட்டார். அவருக்கு உட்காரலாமா என்று தெரியவில்லை, எங்களுக்கு உட்காருங்கள் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. பெஞ்சு நடுவில் கிடந்தது, மூன்று பேரும் நின்றோம். நான் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், பிறகு மருந்து குடிக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"பொத்தைக்காட்டுக் காரியமா வந்தேன்" என்றார். "ரப்பர் வைக்கலாம்ணு ஒரு ஆலோசன. மரத்துக்குக் குளச்சல் வியாபாரி ஒருத்தர் கேட்டுட்டு நிக்காரு. ஆனா ஊரு வழக்கம் ஒண்ணு உண்டுமே. பொண்ணும் பொணமும் போற வழிய அடைக்கப்பிடாது. தெரு தொறந்த பொறவு அந்த வழியில ஒரு கல்யாணமும் போகல்ல, ஒரு சாவும் போகல்ல. இனி வாறது ஒங்க மவனுக்க கல்யாணந்தான். பொண்ணு காட்டு வழியா வருமெண்ணா நான் கை வைக்க மாட்டேன். தெரு வழியாண்ணா, பின்ன அந்த வழி யாருக்கு?"

உன் அப்பா யோசிக்கவே இல்லை. "எங்களுக்கு அந்தக் காடு வேண்டாம். வெட்டிக்கிடுங்க" என்றார்.

"பொறுங்க. எந்த வழிண்ணு இன்னும் முடிவாகல்ல" என்றேன் நான். வெளி ஆள் முன்னால் நான் அவரை மறித்துப் பேசியது அதுவே முதல் தடவை. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே என்மேல் ஆச்சரியமாக இருந்தது.

பெரியவீட்டுக்காரர் போகிறபோது நின்று, "எங்க அப்பா அந்தக் காட்ட ஒங்களுக்காக வச்சதாக்கும்" என்றார். வாயை அடக்க என்னால் முடியவில்லை. "எங்களுக்காகவா, எங்களக் காணாம இருக்கதுக்காகவா?" என்று கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேட்டி நுனியை நீவிக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியல்ல" என்றார். "சின்னப்பிள்ளையில என்ன அதுக்குள்ள விட மாட்டாவ. நீங்க நடந்த வழியில்லியா, தீட்டுண்ணு சொல்லுவாவ. பொறவும் போகல்ல. உள்ள ஒரு சுனை கெடக்குண்ணு கேட்டிருக்கேன். உள்ளதுதானா?" மக்கா, சொத்துக்காரர் தன் காட்டுக்குள் ஒரு தடவைகூட நுழைந்ததில்லை! நம்மை மறைக்க வைத்தார்கள், மறைப்புக்கு உள்ளே இருந்ததெல்லாம் நமக்கு மட்டும் கிடைத்தது. இதற்கு என்ன பேர் சொல்வாய்? தண்டனை என்று சொல்லவும் வாய் வரவில்லை, கொடை என்று சொல்லவும் நாக்கு கூசுகிறது. "வேணுமெண்ணா வாருங்க, காட்டித்தாறேன்" என்றேன். அவர் பொத்தைப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வேண்டாம். பாத்துட்டா பின்ன வெட்டுகதுக்கு மனசு வராது."

அவர் போனதும் வீட்டில் வெடித்தது. "எம் பிள்ளைக்க பொண்டாட்டி ஒளிஞ்சு ஒளிஞ்சா வரணும்? மேளத்த அடிச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள போவியா, ஏட்டி? யாருக்குக் கேக்க, மரநாய்க்கா?" என்று உன் அப்பா கத்தினார். அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அதற்கு நான் சொன்ன பதில் இத்தனை வருசம் நாங்கள் இருவரும் வாயில் எடுக்காத பேச்சு. "செல்லம்ம அங்கதானே இருக்கா" என்றேன்.

உனக்கு ஒரு அக்காள் இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். எங்கே போனாள் என்பது தெரியாது. நீ பிறப்பதற்கு முந்திய வருசம், இடவப்பாதி மழைக்காலம். காய்ச்சல் முற்றி அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. புதுக்கடையில் வைத்தியர் இருந்தார். உன் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், நான் ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தெருமுனைக்கு வந்ததும் இரண்டு பேரும் நின்றோம். பகல்தான், ஆனால் அந்த மழையில் தெருவில் ஒரு ஈ காக்கை கிடையாது. எல்லாக் கதவும் அடைத்திருந்தது. நேரே ஓடியிருந்தால் பாதி தூரம் மிச்சம். யாரும் தடுக்கவில்லை, தடுக்க அங்கே யாரும் இல்லை. எங்கள் கால்கள் பொத்தைப் பக்கம் திரும்பின. வழுக்குகிற பாதையில் அட்டை கடிக்க ஏறினோம். பாறைவெளி வந்ததும், சாகக் கிடக்கிற பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, உன் அப்பா குரல் கொடுத்தார். குளத்தில் அந்த மழையில் யார் குளிப்பார்கள்? கொடுத்தார். சுனைக்குப் பக்கத்தில் செல்லம்மை கண் திறந்தாள். மேலே அயனி இலையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வருகிறவள் போல வாய் அசைந்தது. புதுக்கடைக்கு நாங்கள் வெறும் உடம்பைத்தான் கொண்டு போனோம்.

அதிலிருந்து உன் அப்பாவுக்கு அந்தக் காடு விரோதி. அதற்கப்புறமும் சந்தை தவறாமல் அதன் வழியாகத்தான் போய்வந்தார், வேறு வழி இல்லையே, ஆனால் சுனையில் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிக்கும்போதும் தலையைத் தூக்கி அந்த அயனியைப் பார்க்கமாட்டார். எனக்கு நேர்மாறாக ஆகிவிட்டது. அவள் கடைசியாகப் பார்த்தது அந்த மரத்தை. அதனால் நான் அங்கே போய் உட்கார்வேன். விறகுக்குப் போகிறேன், கொடிக்காலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். நீ குழந்தையாக இருந்தபோது உன்னையும் தூக்கிக்கொண்டு போய் அந்த மரத்தைக் காட்டியிருக்கிறேன். என் பிள்ளையைக் கொன்ற வழியும் அதுதான், என் பிள்ளை இருக்கிற இடமும் அதுதான். கோபப்படவேண்டிய இடத்தில் போய் ஆறுதல் தேடுகிறேனே, எனக்குப் புத்தி பிசகா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். நீயும் உன் பெண்டாட்டியும் ஒரே துக்கத்தை ஒரே மாதிரி அனுபவிப்பீர்கள் என்று எதிர்பார்க்காதே. அவள் எங்கே போய் உட்காருகிறாள் என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள். உன் அப்பாவுக்கு இது போன வாரம்தான் தெரிந்தது.

மறுநாள் அவர் கொடிக்காலுக்குப் போகாமல் முற்றத்திலேயே வளையவந்தார். மத்தியானம் என் பக்கத்தில் வந்து நின்று, "காட்டு வழியாவே வரட்டும். அவனுக்கு எழுதிப்போடு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னத்துக்கு? தெரு வழியாவே வரட்டும்" என்றேன். அவர் எனக்காக இறங்கி வந்தார், நான் அவருக்காக இறங்கிப் போனேன், இரண்டு பேரும் இடம் மாறி நின்றுகொண்டு மறுபடியும் சண்டை போட்டோம். "நேத்து காடு வேணும்ணு சொன்ன, இண்ணைக்கு வேண்டாம்ணு சொல்லுத. ஒனக்கு என்னட்டி வேணும்?" என்றார். எனக்கு இரண்டும் வேண்டும் மக்கா. தெருவும் வேண்டும், காடும் வேண்டும். இதைச் சொன்னால் சிறுபிள்ளைத்தனம். ஆனால் உண்மை அதுதான். தெருவில் கௌரவமாக நடக்கவும் வேண்டும், நிழலில் போய் அழவும் வேண்டும். ஒன்றைக் கொடுக்கும்போதே மற்றதை ஏன் பிடுங்குகிறார்கள்? பெரியவீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியவில்லை. அவர் சொத்து, அவர் மரம், வழக்கத்தை மதித்து நேரில் வந்து கேட்டார். உன் சித்தப்பாவிடம் கேட்டேன். "கர்த்தர் சித்தம்" என்றார். அதை எந்தப் பக்கம் சேர்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் தினமும் சாயங்காலம் சட்டை போட்டுக்கொண்டு, மடித்துக் கட்டிய வேட்டியைக் கீழே இறக்கிவிட்டு, எங்கேயோ போய்வருகிறார். கோயிலுக்கு என்றுதான் நினைத்தேன். முந்தாநாள் உப்பு வாங்கப் போனவள் பார்த்தேன். கோயிலுக்குள் போகவில்லை. தெருவில் நடக்கிறார். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறார், திரும்புகிறார், மறுபடி போகிறார். கையில் ஒரு சாமான் இல்லை, யாரையும் பார்க்கப் போகவில்லை. நடுத்தெருவில், அவசரமே இல்லாமல் நடக்கிறார். யாராவது எதிரே வந்தால் ஒதுங்கத் தொடங்கி, நினைவு வந்து, மறுபடி நடுவுக்கு வருகிறார். ஒரு பையன் கேட்டான், "எங்க போறிய?" என்று. "எங்கயும் இல்ல, சும்மா" என்றார். அந்தச் 'சும்மா'வைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைக் கட்டிய நாளில்கூட அந்த முகம் இல்லை. நான் உப்பும் வாங்காமல் வேறு பக்கமாகத் திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் முடிவு இதுதான், எழுதிவிடுகிறேன், இந்தத் தாளைக் கிழிக்கப் போவதில்லை. தெரு வழியாக வா. பெண்ணை நடக்கவிட்டுக் கூட்டி வா, வண்டியில் மூடிக்கொண்டு வராதே. உன் அப்பாவை முன்னால் விடு. வாழ வருகிறவள் ஒருத்தியை, செத்துப்போன ஒருத்திக்காக மறைப்புக்குள்ளே நடக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செல்லம்மை உயிரோடு இருந்தால் அவளையும் தெரு வழியாகத்தான் கட்டிக் கொடுத்திருப்பேன். இது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதே. நேற்றே பெரியவீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டேன், கல்யாணம் தெரு வழிதான் என்று. அவரும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மரத்தில் கோடாலி வைக்க நல்ல நாள் பார்த்ததில் உன் முகூர்த்த நாளே பொருந்தி வருகிறதாம். நாம் எல்லோரும் கல்யாணத்தில் இருப்போம், யாரும் கண்ணால் கண்டு வருத்தப்படவேண்டாம் என்றும் நினைத்தாராம். நல்ல மனசில் சொன்னதுதான் என்று நம்புகிறேன்.

நீ மேளக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. தெரு முடிந்து பொத்தை அடிவாரம் நெருங்குகிற இடத்தில் தவிலைக் கொஞ்சம் ஓங்கி அடிக்கட்டும், நிறுத்தாமல் அடிக்கட்டும். நீ சிரித்த முகமாக வா. உன் அப்பா காதில் அன்றைக்கு மேளம் மட்டும்தான் விழவேண்டும். எனக்கு எப்படியும் கேட்டுவிடும்.

உன்னைப் பெற்றவள்.